ஐந்தொகையில் 110 ரூபா, சந்தையில் 40 ரூபா



கொவிட் முடக்கத்தால் ஏழு வாரங்களுக்கு மேல் மூடிக் கிடந்த கொழும்புப் பங்குச் சந்தை 2020 மே மாதம் மீண்டும் திறந்தபோது, எக்ஸ்போலங்கா ஹோல்டிங்ஸ் என்ற கம்பனியின் பங்கு ஒன்றின் விலை 5 ரூபாவுக்கும் குறைவு. காலி வீதியில் ஒரு பிளேன்டீ குடிக்கவும் அந்தக் காசு காணாது. 2022 ஜனவரியில் அதே பங்கு 400 ரூபா அளவுக்குப் போயிற்று. இடையில் இருபது மாதங்கள்தான். அதற்குள் இலங்கையின் பட்டியலிட்ட கம்பனிகளில் சந்தைப் பெறுமதி மிகக் கூடிய கம்பனியாக அது மாறியிருந்தது.

அது ஒளித்து வைக்கப்பட்ட கம்பனி இல்லை. 1978 இல் காய்கறி, பழ ஏற்றுமதியுடன் தொடங்கி, சரக்குகளை விமானத்திலும் கப்பலிலும் அனுப்பும் தொழிலுக்கு வளர்ந்த நிறுவனம். 2011 இல் பங்கொன்று 14 ரூபாவுக்குப் பொதுமக்களிடம் வந்தது. 2014 இல் யப்பானின் எஸ்ஜி ஹோல்டிங்ஸ் பெரும்பான்மையை வாங்கிக்கொண்டது. காலாண்டுக் கணக்குகள் எல்லோருக்கும் பார்க்கக் கிடைத்தன. 14 ரூபாவுக்கு வாங்கியவர் ஒன்பது ஆண்டுகள் பொறுத்திருந்தும் 2020 இல் போட்ட காசில் பாதியைக்கூடக் காணவில்லை. சலித்துப்போய் விற்றவரைக் குறை சொல்ல முடியாது.

பிறகு நடந்தது உலகத்தோடு சேர்ந்த கதை. பயணிகள் விமானங்கள் தரையில் நின்றன; அவற்றின் வயிற்றில் போன சரக்குக்கு இடம் இல்லாமற்போனது. கொள்கலன்கள் துறைமுகங்களில் தேங்கின. சரக்குக் கட்டணம் பல மடங்காகியது. அந்தக் கட்டணத்தில் பிழைக்கும் கம்பனிக்கு இலாபம் வெள்ளமாக வந்தது. பங்கு மலிவாக இருந்தது என்பது உண்மை. ஆனால் அதை உயர்த்தியது மலிவு இல்லை, சரக்குக் கட்டணம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவருக்குச் சந்தையில் நெடுநாள் நிற்பது கஷ்டம்.

முடிவையும் சொல்லிவிட வேண்டும். கட்டணங்கள் இறங்கின, விலையும் இறங்கியது. கடைசியில் யப்பானிய உரிமையாளர் கம்பனியைப் பட்டியலில் இருந்து நீக்கத் தீர்மானித்து, பங்கொன்றுக்கு 185 ரூபா தர முன்வந்தார். 5 ரூபாவுக்கு வாங்கி வைத்திருந்தவருக்கு அது திருவிழா. 400 ரூபாவில் ஆசைப்பட்டு ஏறியவருக்குப் பாதிக்கும் குறைவு. எவ்வளவு, எப்போது என்று தீர்மானித்தது பெரும்பான்மைப் பங்குதாரர்.

இன்றைய பேச்சின் சாரம் இவ்வளவுதான்: கொழும்பில் ஒரு சின்னக் கம்பனியின் பங்கு மலிவா என்று கேட்பதற்கு முன், மிச்சப் பங்குகள் யார் கையில் இருக்கின்றன, அவர் மனம் வைக்காமல் அந்தப் பங்கின் பெறுமதி சிறிய பங்குதாரர் கைக்கு வருமா என்று கேட்க வேண்டும்.

இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கும் ஓய்வூதியர். அரச திணைக்களத்தில் கணக்குப் பகுதியில் வேலை பார்த்தவர். மற்றவர் கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர், வயதில் இளையவர். இருவரும் ஒரே கம்பனியின் ஆண்டறிக்கையைப் பார்க்கிறார்கள். கம்பனியும் கற்பனைதான், ஆனால் இப்படிப்பட்டவை கொழும்புப் பட்டியலில் உள்ள 280 க்கும் அதிகமான கம்பனிகளில் தாராளமாகக் கிடைக்கும். மொத்தம் ஒரு கோடிப் பங்குகள். சந்தையில் விலை 40 ரூபா. ஐந்தொகைப்படி பங்கொன்றின் தேறிய சொத்து 110 ரூபா.

“தம்பி, நூற்றிப்பத்து ரூபா பெறுமதியான சாமான் நாற்பதுக்குக் கிடக்கு. இதை விட்டிட்டு என்னத்தை வாங்கப் போறீர்?” என்கிறார் ஓய்வூதியர்.

“ஐயா, கடைக்கு யாராவது சாமான் மலிவா கொண்டு வந்தா நான் முதல்ல கேக்கிறது ஒன்னுதான். இதத் திருப்பி வாங்க ஆள் இருக்கா?”

கடைக்காரருக்குப் பங்குச் சந்தைப் படிப்பு இல்லாவிட்டாலும் கேள்வி சரியான கேள்வி.

கொழும்பில் பங்கு வியாபாரம் தொடங்கியதே இப்படி ஆள் தேடித்தான். 1896 இல் தேயிலைத் தோட்டங்களுக்கு மூலதனம் திரட்ட வெள்ளைக்காரர்கள் பங்குத் தரகர் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அது முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒருவரை ஒருவர் அறிந்தவர்களின் வட்டமாகவே இருந்தது. இன்றைய பங்குச் சந்தை 1985 இல் வந்தது. மத்திய வைப்புத் திட்டம் 1991 இல். கணினி வழி வியாபாரம் 1997 இல். 2020 இலிருந்து கைத்தொலைபேசியிலேயே கணக்குத் திறக்கலாம். கோட்டையில் உலக வர்த்தக மையப் படியை மிதிக்காமலே வெள்ளவத்தையில் இருந்தபடி பங்கு வாங்க முடிகிறது. வழி இலகுவாகிவிட்டது. கம்பனிகளின் உரிமை அமைப்பு அந்த அளவுக்கு மாறவில்லை.

நமது கற்பனைக் கம்பனியின் ஆண்டறிக்கையில் கடைசிப் பக்கங்களுக்குப் போக வேண்டும். தலைவரின் வண்ணப்படமும் வாழ்த்துரையும் முன்னால் இருக்கும்; அவற்றால் பயன் குறைவு. பின்னால் ‘முதல் 20 பங்குதாரர்கள்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அதுதான் கம்பனியின் சாதகக் குறிப்பு. முதல் பெயர் தாய்க் கம்பனி, 72 வீதம். அடுத்த இரண்டு பெயர்களும் அதே முகவரியில் இயங்கும் கம்பனிகள், சேர்த்து 7 வீதம். மிச்சம் 21 வீதம் பொதுமக்களுக்கு. அதாவது 21 இலட்சம் பங்குகள். 40 ரூபா விலையில் 8 கோடியே 40 இலட்சம் ரூபா. வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் இரண்டு மூன்று நல்ல தொடர்மாடி வீடுகளுக்குப் போகும் காசு, ஒரு கம்பனியின் முழுப் பொதுப் பங்கு.

அந்த 21 வீதம் ஏன் 21 என்று கேட்டால் அதற்கும் காரணம் உண்டு. சிறிய கம்பனி சந்தையின் பிரதான பட்டியலான மெயின் போர்டில் இருக்க வேண்டுமானால் 20 வீதம் பொதுமக்கள் கையில் இருக்க வேண்டும், 500 பொதுப் பங்குதாரர்களும் வேண்டும் என்பது சந்தையின் விதி. சட்டத்துக்காக வைத்த கதவு, விருந்தாளிக்காகத் திறந்ததில்லை.

இப்போது தரகரின் திரையைப் பார்க்கலாம். வாங்குபவர் பக்கம்: 40 ரூபாவுக்கு 200 பங்குகள், அதற்குக் கீழே 38 ரூபா 50 சதத்துக்கு 1,000. விற்பவர் பக்கம்: 41 ரூபா 90 சதத்துக்கு 1,000 பங்குகள், பிறகு 44 ரூபாவுக்கு 500. ஓய்வூதியர் 5 இலட்சம் ரூபாவுக்கு வாங்க நினைத்தால், 40 ரூபா விலையில் 12,500 பங்குகள் என்று மனக்கணக்குப் போடுவார். திரையில் விற்பனைக்கு இருப்பது 1,500. ஒரே நாளில் வாங்க முயன்றால் அவரே விலையை ஏற்றிவிடுவார். வாரக்கணக்கில் சிறிது சிறிதாக வாங்க வேண்டும். விற்கும்போதும் அதே பாடு, அவசரத்துக்கு விற்றால் இன்னும் மோசம்.

செலவும் உண்டு. தரகர் கட்டணம், சந்தைக் கட்டணம், மத்திய வைப்புத் திட்டக் கட்டணம், பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுக் கட்டணம், அரசின் பங்குப் பரிவர்த்தனை வரி எல்லாம் சேர்ந்து வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது 1.12 வீதம். 41.90 க்கு வாங்கி அன்றே 40 க்கு விற்றால் விலை வித்தியாசமும் கட்டணமும் சேர்ந்து கிட்டத்தட்ட 7 வீதம் போய்விடும். கம்பனி ஒரு தவறும் செய்யாமலேயே இந்த நட்டம்.

சரி, வாங்கியாயிற்று. 40 ரூபா 110 ஆக எவ்வளவு காலம்? இந்தக் கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை. ‘எப்போதாவது வரும்’ என்பது அவர்கள் கணக்கு. 10 ஆண்டில் 110 ஐ எட்டினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 10.6 வீத வளர்ச்சி. 20 ஆண்டு எடுத்தால் 5 வீதம் சொச்சம். நிலையான வைப்பில் போட்டுவிட்டு மெரைன் டிரைவில் காற்று வாங்கியிருக்கலாம். இடையில் பங்கிலாபம் 2 ரூபா தந்தால், 15 வீத வரி போக ஒரு ரூபா எழுபது சதம். அதையும் சேர்த்தால் கணக்குக் கொஞ்சம் தேறும். பட்டியலிட்ட பங்கை விற்ற இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்பதையும் சேர்க்கலாம். ஆனால் காலம்தான் இங்கே முதல் எதிரி. அந்தக் காலத்தைக் குறைக்கும் அதிகாரம் 72 வீதம் வைத்திருப்பவர் கையில் இருக்கிறது.

இது கொழும்பின் நோய் மட்டும் இல்லை. மலிவுப் பங்கு என்ற பாடத்துக்கே ஆசான் என்று சொல்லப்படும் பெஞ்சமின் கிரஹாம் 1926 இல் நியூயோர்க்கில் இதே சுவரில் முட்டிக்கொண்டார். நோர்தேர்ன் பைப்லைன் என்று ஒரு சின்ன எண்ணெய்க் குழாய்க் கம்பனி, ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஒயில் உடைக்கப்பட்டபோது பிரிந்த துண்டு. பங்கு விலை 65 டொலர். கிரஹாம் வாஷிங்டனுக்குப் போய், அரச ஆணைக்குழுவில் அந்தக் கம்பனி கொடுத்திருந்த அறிக்கைகளைத் தோண்டிப் பார்த்தார். பங்கொன்றுக்கு 95 டொலர் பெறுமதியான ரயில்வே கடன் பத்திரங்களும் வேறு முதலீடுகளும் சும்மா கிடந்தன. குழாய் ஓட்ட அந்தப் பணம் தேவையில்லை.

பகிர்ந்து கொடுங்கள் என்று கேட்டார். நிர்வாகம் சிரித்தது. 1927 ஜனவரியில் பென்சில்வேனியாவின் ஒயில் சிட்டி என்ற ஊருக்கு ரயில் ஏறிப் போய் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து பேச முயன்றார். அவரது பிரேரணையை வழிமொழிய அந்த அறையில் ஓர் ஆள் இல்லை. கூட்டம் சில நிமிடங்களில் முடிந்தது. அவர் வீட்டுக்குப் போய் அழுதுகொண்டிருக்கவில்லை. ஆண்டு முழுவதும் மற்றச் சிறு பங்குதாரர்களைத் தேடிப் போய்ப் பதிலாள் பத்திரங்கள் சேர்த்தார். 1928 இல் சட்டத்தரணியோடு திரும்பி வந்து பணிப்பாளர் சபையில் இரண்டு இடங்களைப் பிடித்தார். கம்பனியின் மிகப் பெரிய பங்குதாரர் ராக்பெல்லர் அறக்கட்டளை. அதற்கும் பணம் வேண்டியிருந்தது. கடைசியில் பங்கொன்றுக்கு 70 டொலர் பகிரப்பட்டது. கிரஹாமின் புத்தகங்களைக் கையில் வைத்திருப்போர் பலர். சூத்திரத்தைக் கண்டுபிடித்த கிரஹாமை எல்லோருக்கும் தெரியும். பதிலாள் பத்திரத்துக்காக வீடு வீடாக அலைந்த கிரஹாமைச் சிலருக்கே தெரியும்.

இலங்கையில் சொத்துக்குள் தூங்கிய கம்பனி விழித்ததற்கு நல்ல உதாரணம் கார்கில்ஸ். 1844 இல் கண்டியில் தொடங்கிய கடை, பின்னர் பொதுக் கம்பனி ஆனது. கோட்டை யோர்க் வீதியில் அந்தச் சிவப்புக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஒரு காலத்தில் துரைமாரின் கடை. அவர்கள் போனபின் பெயரும் கட்டடமும்தான் மிஞ்சின. 1981 இல் சிலோன் தியேட்டர்ஸ் அதன் கட்டுப்பாட்டை வாங்கியது. சிலோன் தியேட்டர்ஸ் என்பது 1928 இல் சிற்றம்பலம் கார்டினர் என்ற தமிழர் தொடங்கிய சினிமாக் கம்பனி. கொழும்பில் அவர் பெயரில் ஒரு மாவத்தையே இருக்கிறது. புதிய உரிமையாளர்கள் 1983 இல் ஸ்டேபிள்ஸ் வீதியில் முதலாவது சுப்பர்மார்க்கட்டைத் திறந்தார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்று வெள்ளவத்தைக்காரர் பால்மா வாங்கப் போகும் பூட் சிற்றி. பழைய கட்டடத்தின் காணிப் பெறுமதியைக் கணக்கிட்டுக் காத்திருந்தால் மட்டும் இது நடந்திராது. உரிமை கை மாறியது. வந்தவருக்கு ஒரு தொழில் யோசனையும் இருந்தது.

காணி என்றதும் இன்னொரு எச்சரிக்கை. மலைநாட்டுத் தோட்டக் கம்பனிகளின் பங்குகள் அடிக்கடி மலிவாகத் தெரியும். ஆயிரக்கணக்கான ஹெக்டேயர் தேயிலையும் இறப்பரும், சந்தைப் பெறுமதியோ கொழும்பில் ஒரு காணித் துண்டின் விலை. கணக்குப் பார்ப்பவர் கண் விரியும். 1992 இல் அரசு தோட்டங்களைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைத்தபோது காணியை விற்கவில்லை, குத்தகைக்குத்தான் கொடுத்தது. அந்தக் குத்தகை 2045 இல் முடிகிறது. ஆகவே ஹெக்டேயரை விலையால் பெருக்குவது வீண் வேலை. அந்தப் பங்கை வாங்குபவர் உண்மையில் வாங்குவது இன்னும் இருபது ஆண்டுக் கொழுந்து. கொழும்பு ஏலத்தில் தேயிலை என்ன விலைக்குப் போகிறது, டொலர் என்ன நிலையில் இருக்கிறது, 2021 உரத்தடை போல அரசு திடீரென்று என்ன செய்யும் என்பனவெல்லாம் அதற்குள் அடக்கம். தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபா, 2024 இல் 1,350 ரூபா ஆனது. தரகர் அறிக்கைகளில் இந்த உயர்வு ‘இடர்’ என்ற தலைப்பின் கீழ் வரும். நூற்றைம்பது ஆண்டு உழைத்த சமூகத்தின் கூலி உயர்வு இடர்ப் பட்டியலில் கிடப்பது நெஞ்சை உறுத்துகிறது. ஆனால் முதலீட்டாளர் அந்தச் செலவைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். இந்தக் கூலியில் மட்டுமே இலாபம் காட்ட முடியும் என்ற கம்பனி மலிவான கம்பனி இல்லை.

மரத்தில் காய்த்த பணத்தின் கதையும் நமக்குத் தெரியும். டச்வூட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பட்டியலிட்ட கம்பனி மஹோகனி, சந்தனம், அகில், வனிலா என்று மரமும் கொடியும் நட்டு விற்றது. மரம் வளர்ந்தால் கோடி என்று நம்பிப் பணம் போட்டவர்கள் ஏராளம். அதன் ஐந்தொகையில் நிற்கும் மரங்கள் ‘உயிரியல் சொத்து’ என்ற பெயரில் மதிப்பிடப்பட்டிருந்தன. வெட்டும் வயது வராத மரத்தின் வருங்கால விலையை இன்றைய சொத்தாக எழுதினால் தேறிய சொத்துப் பெரிதாகத் தெரியும், பங்கு மலிவாகத் தெரியும். 2014 இல் நீதிமன்றம் அந்தக் கம்பனியைக் கலைக்க உத்தரவிட்டது. இந்த இடத்தில் ஓய்வுபெற்ற கணக்காளருக்கு ஒரு நன்மை உண்டு. இலாபநட்டக் கணக்கில் எவ்வளவு இலாபம் என்று பார்த்த கையோடு, காசுப் பாய்ச்சல் கூற்றில் தொழிலில் இருந்து எவ்வளவு காசு வந்தது என்று பார்ப்பார். இலாபம் ஆண்டுதோறும் ஏறி, காசு மட்டும் வராமல் இருந்தால் அந்த அறிக்கையை மூடி வைத்துவிடலாம். கணக்காய்வாளர் குறிப்பையும் ‘தொடர்புபட்ட தரப்பினர்’ குறிப்பையும் பிறகு படித்தாலும் போதும். சிறிய கம்பனியில் இருந்து தாய்க் கம்பனிக்குக் கடன், வாடகை, முகாமைத்துவக் கட்டணம் என்று காசு போகும் பாதையெல்லாம் அந்தக் கடைசிக் குறிப்பில்தான் இருக்கும்.

கொழும்புக்கே உரிய இன்னொரு மலிவு, வாக்குரிமையற்ற பங்கு. பங்குச் சுருக்கப் பெயருக்குப் பின்னால் ‘என்’ என்று வந்தால் வாக்குரிமை உண்டு, ‘எக்ஸ்’ என்று வந்தால் இல்லை. கொமர்ஷல் வங்கி, ஹட்டன் நஷனல் வங்கி, செலான் வங்கி, டோக்கியோ சீமெந்து எல்லாவற்றிலும் இரு வகையும் உண்டு. டோக்கியோ சீமெந்து, ஏ.வை.எஸ். ஞானம் 1982 இல் யப்பானியக் கூட்டாளிகளோடு தொடங்கித் திருகோணமலையில் ஆலை அமைத்த கம்பனி. தமிழ் வீடுகளில் பெயர் தெரிந்த பங்கு. பங்கிலாபம் இரண்டு வகைக்கும் கிடைக்கும், விலை மட்டும் ‘எக்ஸ்’ பங்குக்குக் குறைவு. செலான் வங்கியில் இந்த இடைவெளி பல ஆண்டுகள் வெகு அகலமாக இருந்தது. 72 வீதம் வேறொருவர் வைத்திருக்கும் இடத்தில் 12,500 வாக்குகளால் என்ன ஆகும் என்று கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் கேட்பார். நியாயம்தான். வருமானத்துக்காக வாங்குபவருக்கு ‘எக்ஸ்’ பங்கு நல்ல பேரம் என்றே சொல்லலாம். ஆனால் நாளைக்குக் கட்டுப்பாடு கை மாறும் என்று நம்பி வாங்குபவர் ‘என்’ பங்கைத்தான் பார்க்க வேண்டும். 30 வீதத்தைத் தாண்டி வாங்குபவர் மற்ற வாக்குரிமைப் பங்குதாரருக்கும் கட்டாய முன்வருகை செய்ய வேண்டும் என்கிறது கையேற்றல் விதிக்கோவை.

செலான் பெயர் வந்ததால் 2008 டிசம்பரையும் நினைவூட்டலாம். கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி விழுந்தது; அதே குழுமத்தின் வங்கி என்பதால் செலான் கிளைகளின் முன் மக்கள் வரிசையில் நின்றார்கள். டிசம்பர் 29 ஆம் திகதி மத்திய வங்கி தலையிட்டு நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் கொடுத்தது. வங்கி பிழைத்தது. ஒரே மாதத்தில், ஒரே குழுமத்தைச் சுற்றி, கோல்டன் கீயின் பதிவு செய்யாத வைப்பில் கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டவர் முதலை இழந்தார். மேற்பார்வைக்கு உட்பட்ட வங்கியின் பங்கைப் பயத்தில் விற்காமல் வைத்திருந்தவர் தப்பினார். நம்மவர் ‘பங்குச் சந்தை சூது’ என்று சொல்லிக்கொண்டே சீட்டிலும் பெயர் தெரியாத நிதிக் கம்பனியிலும் பணம் போடுவதை என்னவென்று சொல்வது?

சூது நடக்காத இடம் என்றும் சந்தைக்குச் சான்றிதழ் தர முடியாது. யுத்தம் முடிந்த 2009 இல் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 125 வீதம் ஏறியது. 2010 இல் மேலும் 96 வீதம். பொதுமக்கள் கையில் பங்கு குறைவாக உள்ள சின்னக் கம்பனிகள்தான் அப்போது ஆட்டக்காரருக்கு வாய்ப்பான களம். சில ஆயிரம் பங்குகளை இந்தக் கையால் விற்று அந்தக் கையால் வாங்கினால் விலை ஏறும். ஏறுவதைப் பார்த்து வெளியாள் வருவார். பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு கடன் வியாபாரத்தை இறுக்கி, சில பங்குகளுக்கு 10 வீத விலை எல்லை போட்டது. பெருமுதலீட்டாளர்கள் கொதித்தார்கள். 2011 டிசம்பரில் ஆணைக்குழுத் தலைவர் இந்திராணி சுகததாச பதவி விலகினார். அடுத்து வந்த திலக் கருணாரத்ன 2012 ஓகஸ்டில் விலகினார். ஒரு வருடத்துக்குள் இரண்டு காவலர்கள் போனார்கள். சுட்டெண் 2011 பெப்ரவரியில் 7,800 ஐத் தாண்டி, 2012 நடுப்பகுதியில் 5,000 க்குக் கீழே வந்தது. பழைய உச்சத்தை மறுபடி காண 2021 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுட்டெண்ணுக்குப் பத்து ஆண்டு. அந்த நேரம் ஏற்றிவிடப்பட்ட சின்னப் பங்குகளை உச்சத்தில் பிடித்தவர்களின் கணக்கு இன்னும் நீளம்.

2022 வேறு விதமான பாடம். ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. 18 ஆம் திகதியில் இருந்து ஒரு வாரம் பங்குச் சந்தையையே மூடினார்கள். திறைசேரி உண்டியல் 30 வீதம் தந்த ஆண்டு அது. அரசின் கடதாசி 30 வீதம் தரும்போது சின்னக் கம்பனியின் பங்கை யார் தொடுவார்? நல்ல கம்பனிகளும் ஓராண்டு இலாபத்தின் மூன்று நான்கு மடங்கு விலைக்குக் கிடந்தன. அந்த ஆண்டு முடிவில் சுட்டெண் 8,500 ஐ அண்டி நின்றது. வட்டி இறங்க இறங்க 2024 முடிவில் 15,900 ஐக் கடந்து, 2025 இல் 20,000 ஐயும் தாண்டியது. 2022 இல் வாங்கியவருக்கு எந்தக் கம்பனியின் இரகசியமும் தெரிந்திருக்கவில்லை. 30 வீத வட்டி நிலைக்காது என்று மட்டும் அவர் நம்பினார். ஏறிய பிறகு ‘அடுத்த மலிவுப் பங்கு எது?’ என்று கேட்டுக் கொண்டு வருபவர்களே இப்போது அதிகம். அவர்கள் அதே கேள்வியை 2022 ஜூனில் பெற்றோல் வரிசையில் நின்றபோது கேட்டிருக்க வேண்டும்.

நமது இருவரிடம் திரும்பினால், தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். 110 ரூபாப் பெறுமதியும் 40 ரூபா விலையும் உள்ள அந்தக் கம்பனி பங்கிலாபத்தைப் பத்து ஆண்டு விடாமல் கொடுத்து வந்திருந்தால், தாய்க் கம்பனிக்குக் காசு கசியாமல் இருந்தால், அவசரத்துக்குத் தேவைப்படாத பணமாக இருந்தால் வாங்கலாம். இருப்பில் ஒரு சிறு பங்குக்கு மேல் வேண்டாம். பங்கிலாபம் இல்லை, காணி மட்டும் இருக்கிறது, உரிமையாளர் எழுபது வீதத்துக்கு மேல் வைத்திருக்கிறார் என்றால், 110 என்ற எண்ணை மறந்துவிட வேண்டும். அது உரிமையாளரின் 110.

வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், 5 வீத வாக்குரிமையைச் சேர்த்துக்கொண்டு வரும் சிறுபான்மையினருக்கு அடக்குமுறை, நிர்வாகச் சீர்கேடு என்பவற்றுக்கு எதிராக நீதிமன்றம் போகும் வழியைத் தருகிறது. நமது கற்பனைக் கம்பனியில் 5 வீதம் என்பது 2 கோடி ரூபா. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் பங்கு வைத்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தால் எட்ட முடியாத தொகை இல்லை. அதற்கு முன்னால் செய்ய எளிதான வேலை, ஆண்டுப் பொதுக் கூட்டத்துக்குப் போவது. பலர் அறிவித்தலைப் பிரிக்காமலே கடதாசிக் கட்டில் போடுகிறார்கள். போனவர்களும் சிற்றுண்டியோடு திரும்பிவிடுகிறார்கள். எழுந்து நின்று, ‘பங்கிலாபக் கொள்கை என்ன? சும்மா கிடக்கும் காணியை என்ன செய்யப் போகிறீர்கள்? தாய்க் கம்பனிக்குக் கொடுத்த கடனுக்கு என்ன வட்டி?’ என்று மூன்று கேள்விகள் கேட்டால் போதும். பதில் கூட்டக் குறிப்பில் ஏறும். மார்ச் 31 ஆம் திகதி கணக்கு முடிக்கும் கம்பனிகளின் கூட்டங்கள் செப்டெம்பர் முடிவுக்குள் நடக்க வேண்டும், அறிவித்தல் 15 வேலை நாட்களுக்கு முன்னதாக வர வேண்டும். இந்த ஆண்டு அந்தக் கடித உறையைப் பிரியுங்கள்.